தார்ப்பாய்க்காரர் திரித்த நாண்

டீச்சர் மருந்து ஏற்றிக்கொள்ளச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். ஆபரேஷன் செய்து மார்பில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. இனி மாதக்கணக்கில் ஊசி வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கடைக்குக் கிளம்புகிறவரிடம் சோப்பு வாங்கி வரச் சொல்வது மாதிரி, டீச்சர் தன் கணவர் தார்ப்பாய்க்காரரிடம் சொன்னார்:

"ஏங்க, நல்லா கேட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை நான் விடுற அம்பு பலகையத் தொடுற வரைக்கும் இந்த ஊசிக்கு வருவேன். தொடாத அன்னைக்கு வீட்டுல உக்காந்துடுவேன். அப்புறம் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது."

தார்ப்பாய்க்காரர் தலையாட்டினார். அந்த நேரத்தில் அவர் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கியர் போடப் பழகினார்கள். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடையை ஆரம்பித்த புதிதில் இவரும் போய்ச் சேர்ந்தார். "ஸ்டியரிங்க ஏன் ஆட்டுக்குட்டி மாதிரி அணைச்சுக்கிறீங்க? அது ஓடிப் போகாது" என்று முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டார். லைசென்ஸ் வருவதற்கு முன்பே கல்யாணம் வந்துவிட்டது. கல்யாணம் ஆனபிறகும், "புருஷனா இருந்தா என்ன, ரிவர்ஸ் வரலையே" என்று டெஸ்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றவர் டீச்சர். சொன்ன சொல்லில் இருந்து இறங்கி வருவது அவர் ரத்தத்திலேயே கிடையாது. அதனால்தான் அந்த வராந்தாப் பேச்சைத் தார்ப்பாய்க்காரரால் வெறும் பேச்சு என்று ஒதுக்க முடியவில்லை.

வில் பைத்தியம் டீச்சரை நாற்பது வயதுக்குமேல் பிடித்தது. செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் ஞாயிறு காலையில் ஒரு சின்னக் கூட்டம் தூரத்துப் பலகையைக் குறிவைத்து மர வில் பழகும். கூட்டத்துக்கு வில் சீவித் தருகிறவர் ஒரு தச்சர். நாண் திரிப்பது தார்ப்பாய்க்காரர். அவர் கடையில் இல்லாத நூலா! ஆனால் தச்சர் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தார்: மர வில்லுக்கு லினன் நூல்தான், தேன்மெழுகு தேய்த்து, முறுக்கித் திரித்த நாண்தான். சரி என்று இத்தனை வருஷமும் லினனையே திரித்துக்கொண்டிருந்தார். ஏன் லினன் என்று அவர் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

வந்தது. மருந்து ஏறத் தொடங்கிய கொஞ்ச நாளில் டீச்சரின் தலைமுடி போனது. பசி போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லை உயர்த்தி நாணை இழுத்தார். பாதிக்குமேல் நாண் வரவில்லை. பல்லைக் கடித்து இன்னொரு தடவை இழுத்தார். எப்படியோ விட்டார். அம்பு பலகையின் ஓரத்தில் சொருகித் தொங்கியது.

"தொட்டுருச்சு" என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

"தொட்டுருச்சு, தொட்டுருச்சு" என்றார் தார்ப்பாய்க்காரர். அடுத்த வாரம் அந்தக் கை அவ்வளவுகூட வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வில்லுக்கு எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டு நேராகத் தச்சர் பட்டறைக்குப் போனார்.

"தம்பி, இத கொஞ்சம் லேசாக்கணும். அவளுக்குத் தெரியக் கூடாது."

தச்சர் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எய்கிற ஆளைப் பார்த்திருக்கும் பக்கத்தை விரலால் தடவினார். "இந்த வயித்துப் பக்கம் சீவச் சீவ வில்லு இளகும். அக்கா இழுத்துடுவாங்க. ஆனா அம்பு பழைய தூரம் போகாது அண்ணே."

"முதல்ல இழுக்கட்டும்ப்பா. தூரத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"எப்படிப் பாத்துப்பீங்க? பின்னால நின்னு ஊதுவீங்களா?"

தார்ப்பாய்க்காரர் சிரிக்கவில்லை. தச்சர் வில்லை மடியில் கிடத்தினார். உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்து, வில்லின் இரண்டு கையும் சமமாக வளைகிறதா என்று பார்த்துப் பார்த்து, தூள் தூளாகச் சுரண்டினார். அப்புறம் எண்ணெய் தேய்த்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிறு டீச்சர் நாணை இழுத்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! நாண் தாடைவரைக்கும் வந்துவிட்டது! "ஏங்க, பாருங்க, கை வருது!" என்று அம்பைப் பிடித்துக்கொண்டே கத்தினார். விட்டார். அம்பு போனது, போனது, பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே புல்லில் குத்தி நின்றது.

வில்லை இன்னும் உயர்த்தி விடவும் முடியாது. பலகைக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு. ஓர் அளவுக்குமேல் தூக்கக் கூடாது என்பது கூட்டத்தின் சட்டம். பலகையைக் கிட்டே கொண்டுவரலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். "கிட்ட வந்தா அது என் பலகை இல்ல" என்றார் டீச்சர்.

போய் அம்பைப் புல்லிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்: "எதிர்க்காத்து. இது கணக்குல வராது. அடுத்த வாரம் பாப்போம்."

மரத்தில் ஓர் இலை அசையவில்லை. எதிர்க்காற்றாம்! இத்தனை வருஷத்தில் டீச்சர் தனக்கென்று ஒரு சலுகை எடுத்துக்கொண்டு தார்ப்பாய்க்காரர் பார்த்ததே இல்லை. அவளுக்கும் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.  இன்னும் ஒரு ஞாயிறு. அவ்வளவுதான் கொடுத்திருக்கிறார். அதற்கு அடுத்த நாள் ஊசி.

"அம்ப லேசாக்கலாமா?" என்று தச்சரிடம் கேட்டார்.

"அம்பத் தொட்டதுமே அக்கா கண்டுபுடிச்சிடுவாங்க. நாண்ல வேணா பாருங்க. நாண் எவ்வளவு லேசா இருக்கோ, அந்த அளவுக்கு அம்புக்கு வேகம் கிடைக்கும். லினன் நாண் கனம்."

அவ்வளவுதான். தார்ப்பாய்க்காரர் கடைக்குள் போய் நூல்களோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தார். வெளியே மழை. தைக்கக் கொடுத்த தார்ப்பாய்கள் மூலையில் மலை மாதிரிக் கிடந்தன. லாரிக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

லினனையே மெல்லியதாகத் திரித்தார். பயம் வந்தது. இழுத்துப் பிடித்திருக்கும்போது நாண் அறுந்தால் வில்லின் மொத்த வேகமும் போக இடமில்லாமல் வில்லையே பிளக்கும். பிளக்கிற இடம் டீச்சரின் முகத்துக்குப் பக்கத்தில். அவிழ்த்துப் போட்டார்.

நைலானைத் திரித்தார். ஆணியில் மாட்டி எடை தொங்கவிட்டால் ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போனது. இதை மாட்டினால் அம்பு போகாது, குதிக்கும்.

பட்டு நல்லது என்று எங்கேயோ கேள்விப்பட்டு, எம்பிராய்டரி சாமான் கடைக்கு ஓடினார். கடைக்காரர் அசல் பட்டு என்று சத்தியம் பண்ணி ஒரு நூல்கண்டு கொடுத்தார். வந்து ஓர் இழையைத் தீக்குச்சியில் காட்டினார். அசல் பட்டு முடி மாதிரி பொசுங்கும், இது பொசுங்கவில்லை. பிளாஸ்டிக் மாதிரி உருகி விரலைச் சுட்டது.

கறிக்கடையில் கெஞ்சிக் கால் நரம்பு வாங்கி, காய வைத்து, கல்லால் தட்டி, நாராகப் பிரித்துத் திரித்தார். எத்தனை அருமையான நாண் தெரியுமா! லேசு, வலு, இழுத்தால் முறுக்காக நிற்கும். மழை ஈரத்தில் ஒரு பொழுது இருந்ததும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி தொங்கிவிட்டது. தார்ப்பாய்க்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, மெஷினில் தலையைச் சாய்த்து, சத்தம் வராமல் அழுதார்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது மெஷினுக்கு அடியில் ஒரு கயிற்றுத் துண்டு கண்ணில் பட்டது. துறைமுகத்துக்குப் போய்வருகிற லாரி டிரைவர் எப்போதோ விட்டுவிட்டுப் போன கப்பல் கயிறு. வெட்டிப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இழைகள். நாலு இழையை முறுக்கி ஆணியில் மாட்டி எடை தொங்கவிட்டார். இன்னும் எடை. இன்னும். ஒரு நகக்கண் அளவுகூட நீளவில்லை!

அவர் அந்த வெள்ளை இழையைப் பார்த்த பார்வையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு தார்ப்பாய்க்காரருக்கு நீள்கிற நூல்தான் ஜென்ம விரோதி. நூல் நீண்டால் தையல் தளரும், தையல் தளர்ந்தால் மழை இறங்கும், மழை இறங்கினால் சரக்கு நாசம். ஆயுசு பூராவும் தளராத நூலைத் தேடியே கை காய்ப்புக் காய்த்தவர். இதோ, தளரவே தளராத நூல்! முடியைவிட லேசு!

தச்சர் பார்த்ததும் கையை உதறினார். "வேண்டாம் அண்ணே. மர வில்லுக்கு இது ஆகாது. அம்பு போனதும் வில்லோட ரெண்டு கையும் படார்னு விரியும். லினன்னா கடைசில கொஞ்சம் இளகிக் கொடுக்கும், அடி தெரியாது. இது இளகாது. சடக்குனு நிறுத்தும். அந்த அடி மொத்தமும் நாண் மாட்டுற முனைல விழும்."

"முனைல மாட்டுக் கொம்புத் துண்டு வச்சு பலமாக்கிடு."

"வில்லுக்கு மூக்குத்தி குத்துன மாதிரி இருக்கும். அக்காவுக்குத் தெரியாதா?"

"அப்ப கொம்பு வேணாம். எத்தனை நாள் தாங்கும்?"

"அதெல்லாம் யாரு கண்டா? ஒரு மாசமும் தாங்கலாம், ஒரே அடியிலயும் போகலாம். அண்ணே, நாஞ் சொல்றது காதுல விழுதா?"

விழுந்தது. ஆனால் அவர் ஒரு மாசம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த இழை திரிப்பதற்குச் சாமானியத்தில் மசியவில்லை. சோப்பு தடவியது மாதிரி வழுக்கியது. முடிச்சுப் போட்டால் தானாக அவிழ்ந்தது. முனை வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னி, ஊசியால் கோத்து இறுக்கினார். வெள்ளை தெரியக் கூடாதே! தேன்மெழுகில் பழுப்பு ஷூ பாலிஷைக் குழைத்து, அடுப்பில் இளக்கி, மேலே திரும்பத் திரும்பப் பூசினார். பார்த்தால் அச்சு அசல் லினன்.

ஞாயிறு. டீச்சர் இழுத்தார், விட்டார். 'தும்' என்று வருகிற நாண் 'ணங்' என்றது. அம்பு சீறிக்கொண்டு போய்ப் பலகையின் அடிப்பக்கத்தில் பாய்ந்தது.

"நாண் சத்தம் என்ன இப்படி இருக்கு?" என்றார் டீச்சர்.

"புது நாண். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி, புது நாண் கத்தும்."

 டீச்சர் பலகையில் ஆடிக்கொண்டிருந்த அம்பையே பார்த்தார். மறுநாள் மருந்து ஏற்றப் போனார். தார்ப்பாய்க்காரர் ஆஸ்பத்திரி கேன்டீனில் முன்பின் தெரியாதவருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்!

அடுத்த ஊசியும் போனது. அதற்கடுத்ததும். ஒவ்வொரு ஞாயிறும் அம்பு பலகையின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. டீச்சர் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்புறம்தான் ஒரு சாயங்காலம், தார்ப்பாய்க்காரர் நாணைக் கழற்றித் துடைக்கும்போது, வில்லின் மேல்முனையில், நாண் உட்காரும் வெட்டுக்குக் கீழே, ஒட்டிக்கொண்டிருக்கும் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. விரலால் துடைத்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். நகம் உள்ளே இறங்கியது.

தார்ப்பாய்க்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

பசை வைத்தார். மேலே மெல்லிய நூலைச் சுற்றிக் கட்டி எண்ணெய் பூசி மறைத்தார். அடுத்த ஞாயிறு தாக்குப்பிடித்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், சுற்றிய நூலைத் தாண்டிக் கோடு கீழே இறங்கியிருந்தது.

இப்போது அவருக்கு முன்னால் இருந்தது இரண்டே வழி. லினன் நாணை மாட்டினால் வில் பிழைக்கும், அம்பு புல்லில் விழும், டீச்சர் ஊசியை நிறுத்திவிடுவார். கப்பல் நூலையே மாட்டினால் அம்பு பலகைக்குப் போகும், வில் என்றைக்கு வேண்டுமானாலும் டீச்சர் முகத்துக்கு நேரே வெடிக்கும். இந்த வழியில் போனாலும் அவள் போய்விடுவாள், அந்த வழியில் போனாலும் அவள் போய்விடுவாள். யாரிடம் போய்ச் சொல்வது?

தச்சரிடம் சொன்னார். தச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்காகிட்ட சொல்லிடுங்க அண்ணே. கால்ல விழுந்தாவது சொல்லிடுங்க."

"சொன்னா நிறுத்திடுவாப்பா."

"சொல்லலன்னா?"

அந்த ஞாயிறு காலையில், நம்பினால் நம்புங்கள், அவர் தன் கையாலேயே கப்பல் நூலை மாட்டினார். சொல்லவும் வாய் வரவில்லை, லினனை எடுக்கவும் கை வரவில்லை. இன்னும் ஒரே ஓர் அம்பு தாங்கு, ஒரே ஓர் அம்பு என்று வில்லிடம் கெஞ்சிக்கொண்டே மாட்டினார்.

டீச்சர் சுண்ணாம்புக் கோட்டில் வந்து நின்றார். தலையில் துணி கட்டியிருந்தார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அம்பைக் கோத்து, நாணை இழுத்தார். நாண் தாடைக்கு வந்தது. அப்போது ஒரு சின்னச் சத்தம். 'டிக்.' காய்ந்த குச்சியை நகத்தால் ஒடித்தது மாதிரி. தார்ப்பாய்க்காரரைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அந்த மைதானத்தில் மீறவே கூடாத சட்டம் ஒன்று உண்டு. வில் இழுபட்டிருக்கும்போது யாரும் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், எல்லோரும் அம்பை விடாமல் வில்லைத் தாழ்த்த வேண்டும். தார்ப்பாய்க்காரர் கோட்டைத் தாண்டினார். ஓடக்கூட இல்லை. நடந்து போய், டீச்சரின் அம்புக்கு நேர் எதிரே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

யாரோ "ஐயோ" என்றார்கள்.  டீச்சர் நாணை அங்குலம் அங்குலமாக முன்னால் விட்டு, வில்லைத் தாழ்த்தினார். தாழ்த்தி முடித்ததும் வெடித்தார்.

"அறிவிருக்கா உனக்கு? செத்துத் தொலைஞ்சிருப்ப!"

'உனக்கு' என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட அவரை அப்படிச் சொன்னதில்லை.

"வில்லு பிளந்திருக்கு" என்றார் தார்ப்பாய்க்காரர். "நான்தான் பிளந்தேன்."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். எண்ணெய் போடுகிறேன் என்று எடுத்துப்போனது, சுரண்டியது, கப்பல் கயிறு, ஷூ பாலிஷ், பசை. மென்று முழுங்கி, முன்னும் பின்னுமாக, மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னார். தச்சர் வந்து வில்லை மெதுவாக வாங்கி நாணைக் கழற்றினார். கழற்றும்போதே மேல்முனை அவர் கையோடு வந்துவிட்டது. 

டீச்சர் நாணை வாங்கி நகத்தால் ஒரு கீறு கீறினார். பழுப்புக்கு அடியில் வெள்ளை தெரிந்தது.

  சாயங்காலம் வீட்டில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டீச்சர் தலைத்துணியை அவிழ்த்து மடித்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப, நிஜமா அம்பு எட்டாமப் போனது எதிர்க்காத்துன்னு சொன்னேனே, அன்னைக்குத்தான்?"

"ஆமா."

"அப்பவே நிறுத்தியிருக்கணும்."

"ஆமா." பிறகு அவரால் அடக்க முடியவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து டீச்சரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு பயமா இருக்கும்மா. உனக்காகல்லாம் இல்ல. எனக்காகத்தான். நீ இல்லாத வீட்டுக்குள்ள சாவியப் போட்டுத் தொறந்து எப்படி நுழையறதுன்னு எனக்குத் தெரியல."

"அதுக்காக? என் உடம்பு, என் கை, நான் எடுத்த முடிவு. அதப் போய் என்னைக் கேக்காம சுரண்டி, பாலிஷ் போட்டு... மூணு ஊசிங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் சுருண்டு கெடந்தேன். என் கை இன்னும் என் கைதான்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

  டீச்சர் அழுதார். கோபத்தில் அழுதாரா வேறெதில் அழுதாரா என்று தெரியவில்லை. நெடுநேரம் அழுதார். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஊசிக்குப் போக வேண்டிய நாள். தார்ப்பாய்க்காரர் எழுப்பவில்லை. ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைக்கவில்லை. கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். போக வேண்டிய நேரம் வந்தது, தாண்டியது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. குழாய் ஓடியது, நின்றது. டீச்சர் உடுத்திக்கொண்டு வெளியே வந்தார். முகம் இன்னும் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு வர்றேன்" என்றார். "அம்புக்காக இல்ல, உங்களுக்காகவும் இல்ல. இன்னைக்கு எனக்குத் தோணுது, அதனால. ஆனா இனிமே ஒவ்வொரு தடவையும் நீங்க என்னைக் கேக்கணும். வாய்விட்டுக் கேக்கணும். நான் முடியாதுன்னு சொன்னா, அன்னைக்குக் கெஞ்சக் கூடாது, தந்திரம் பண்ணக் கூடாது. எம் பக்கத்துல உக்காந்திருக்கணும், அவ்வளவுதான். முடியுமா உங்களால?"

தார்ப்பாய்க்காரர் வாயைத் திறந்தார்.  டீச்சர் வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.  அந்த ஒரு வார்த்தையை எங்கிருந்தோ அடியோடு பிடுங்கி எடுத்துக்கொண்டு வருகிறவர் மாதிரி, அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, சொன்னார்.

"சரி."